மேனிஃபோல்ட்: காசில்லாத பந்தயத்தில் ஒன்றரை வருடம்

சியாட்டிலுக்குப் பக்கத்து ரெட்மண்ட் டவுன்டவுனுக்கு 2025 ஜூன் பிறப்பதற்குள் ரயில் வந்துவிடுமா? நடக்கப்போவதைக் கணித்துப் பந்தயம் கட்டுகிற மேனிஃபோல்ட் என்ற இணையதளத்தில் 2024 கடைசியில் நான் போட்ட முதல் கேள்வி இதுதான். ஸ்டேஷன் கட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் தினமும் என் மாலை நடை. தண்டவாளத்தில் சோதனை ரயில் ஓடியதைப் பார்த்த அன்று 'ஆம்' பக்கம் இன்னும் கொஞ்சம் போட்டேன். மே 10 அன்று திறந்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி இறங்கி, பிளாட்பாரத்திலேயே போனை எடுத்து 'ஆம்' என்று கேள்வியை முடித்துவைத்தேன். எட்டிப் பார்த்த என் பையன், பதினாலு வயது, கேட்டான்: "அம்மா, இது சூதாட்டம்தானே?"

சட்டென்று இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தத் தளத்தைப் பற்றி எழுதும்போது, அது நன்றாக வேலை செய்கிறதா என்பதோடு நாங்கள் வாழும் வாஷிங்டன் மாநிலச் சட்டம் அதை எப்படிப் பார்க்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தளம். ஆஸ்டின் சென்னும், ஜேம்ஸ், ஸ்டீபன் குரூகட் என்ற சகோதரர்களும் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் கேள்வி போடலாம். பந்தயம் கட்டுவது 'மானா' என்ற விளையாட்டுப் பணத்தில். 60 சதவீதத்தில் நிற்கிற கேள்வியில் ஒரு 'ஆம்' பங்கு ஏறக்குறைய 0.60 மானா. நடந்தால் அது 1 மானாவாகும், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சூத்திரமே விற்கிறது, வாங்குகிறது. நாம் வாங்க வாங்க சதவீதம் ஏறும்.

எனக்குப் பிடித்தது ஜெயிப்பது இல்லை. நான் எவ்வளவு உறுதியாகச் சொன்னேன், அதில் எத்தனை பலித்தது என்று என் கணக்கிலேயே ஒரு வரைபடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லிங்கில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். 'இந்த க்ளெய்ம் கண்டிப்பாகப் பாஸாகும்' என்று தினமும் சொல்கிற வாய் இது. அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு, என் 'கண்டிப்பாக' என்பது எண்பதைத் தாண்டுவதில்லை என்று தெரிந்துகொண்டேன். இப்போது ஆபீஸிலும் சதவீதமாகத்தான் சொல்கிறேன். இந்த ஒன்றுக்காகவே ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருவேன்.

அந்த அரை நட்சத்திரத்தைக் குறைக்க வைத்தது ஒரு பட்டன். மானாவை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம். திரும்ப டாலராக மாற்ற முடியாது. ஆரம்ப வருடங்களில் 100 மானாவுக்கு 1 டாலர் என்று தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்க வழி இருந்தது. நம் பைக்கு எதுவும் வராது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் சூதாட்டம் என்று சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்கின்றன: காசு கொடுத்தாயா, முடிவு அதிர்ஷ்டத்தில் இருக்கிறதா, பரிசு கிடைக்கிறதா. பரிசே இல்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. விளையாட்டுப் பணத் தளங்கள் எல்லாம் நிற்பது இந்தக் காலில்தான்.

எங்கள் மாநிலத்தில் அந்தக் கால் கொஞ்சம் ஆடுகிறது. வாஷிங்டன் சட்டத்தில் அதிர்ஷ்ட விளையாட்டு மட்டுமில்லை, 'நம் கட்டுப்பாட்டிலோ செல்வாக்கிலோ இல்லாத எதிர்கால நிகழ்ச்சி' மேல் மதிப்புள்ள ஒன்றைப் பணயம் வைப்பதும் சூதாட்டம். ரயில் எப்போது வரும் என்பது அசல் உதாரணம். எனக்கு ரயில் விவரம் நன்றாகத் தெரியும், இது திறமை என்று வாதாடினாலும் இந்த வரி விடாது. (மேனிஃபோல்டில் 'இந்த வருடம் நான் ஐந்து கிலோ குறைப்பேனா' என்ற மாதிரிச் சொந்தக் கேள்விகள் ஏராளம். போட்டவருக்கு அது தன் கையில் இருக்கிற காரியம், பந்தயம் கட்டுகிற நமக்கு இல்லை. இதைச் சட்டம் எப்படிப் பிரிக்கும் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.)

அதைவிடப் பெரிய விஷயம் 'மதிப்புள்ள பொருள்' என்றால் என்ன என்பது. காசாக மாற்றக்கூடிய டோக்கன் மட்டும் இல்லை. கட்டணமில்லாமல் விளையாட்டைத் தொடர்கிற சலுகையும் அதில் சேர்த்தி. நியூயார்க் சட்டத்திலும் இதே மாதிரி வாசகம் உண்டு.

இது படிக்க வறட்டுச் சட்டமாகத் தெரியும். எனக்கு எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. கோடை லீவில் தாயம், பணயம் புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தால் எழுந்து போய்விட வேண்டும். ஒரு மத்தியானம் பெரியப்பா மகன், தீர்ந்தவர்களுக்குப் பத்துக் கொட்டை நாலணா என்று விற்க ஆரம்பித்தான். கொட்டையைக் கொடுத்து யாரும் காசு வாங்க முடியாது. ஆனாலும் பாட்டி வந்து எல்லாவற்றையும் வாரி அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்விட்டாள். "காசு கொடுத்து உக்காந்தா அப்புறம் அது என்ன விளையாட்டு?" என்றாள்.

2018 மார்ச்சில், வாஷிங்டனும் அடங்கிய ஒன்பதாவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. சியாட்டில் நிறுவனமான பிக் ஃபிஷின் கேசினோ விளையாட்டில் சிப்ஸை, அதாவது பந்தய வில்லைகளை, காசாக்க முடியாது. சிப்ஸ் தீர்ந்தால் வாங்க வேண்டும். ஆயிரம் டாலருக்கு மேல் இழந்த ஒரு பெண் வழக்குப் போட்டார். சிப்ஸ் இருந்தால்தான் விளையாட்டைத் தொடர முடியும், அதனால் சிப்ஸே மதிப்புள்ள பொருள் என்றது நீதிமன்றம். சும்மாவும் சிப்ஸ் கிடைக்கிறதே என்று, வழக்குப் போட்டபோது அதன் உரிமையாளராக இருந்த சர்ச்சில் டவுன்ஸ் சொல்லிப் பார்த்தது. மனுவில் அப்படி இல்லையென்று அந்த வாதம் எடுபடவில்லை. 2020-இல் 15.5 கோடி டாலருக்குச் சமரசமானது, அதனால் அந்த இலவச சிப்ஸ் கேள்விக்கு அந்த வழக்கில் விடை வரவே இல்லை. 2017-இல் மேரிலாந்து சட்டத்தை வைத்து வந்த 'கேம் ஆஃப் வார்' வழக்கில் நான்காவது வட்டார நீதிமன்றம் நேர் எதிராக, விளையாடியவர் பணம் எதையும் இழக்கவில்லை என்று தள்ளிவிட்டது. ஒரே மாதிரி விளையாட்டு, மாநிலம் மாறினால் பதில் மாறுகிறது.

எங்கள் பழைய அபார்ட்மெண்டில் ஒரு அக்கா இருந்தார். கணவர் போன பிறகு ராத்திரி தூக்கம் வராமல் ஏதோ ஒரு ஸ்லாட் ஆப்பில் சிப்ஸ் வாங்கி வாங்கி, மகள் காலேஜுக்கு வைத்திருந்ததில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டார். 'ஜெயிச்சாலும் காசு வராதே, அதனால சூது இல்லன்னு நெனச்சேன்மா' என்று என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். பரிசு இல்லை என்பதால் நஷ்டம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முகம்தான் வரும்.

மேனிஃபோல்ட் அந்த ஆப் மாதிரி இல்லை. தினமும் கணித்தால் கொஞ்சம் மானா போனஸாக வருகிறது. இத்தனை நாளில் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் விளையாடியிருக்கிறேன். மின்னும் சக்கரம் இல்லை, ஒரு கேள்வி முடியவே மாதக்கணக்காகும். விளையாட்டுப் பணத்தோடு நிற்கிறவரை இது சூதாட்டம் இல்லை என்பது என் முடிவு. இது வக்கீல் பேச்சு இல்லை, சட்டத்தைப் படித்துப் பார்த்த ஒரு உபயோகிப்பாளரின் பேச்சு. 2024 செப்டம்பரில் டாலராக மாற்றக்கூடிய இன்னொரு நாணயத்தைக் கொண்டுவந்தார்கள். அந்த நாணயத்தை மட்டும் நான் தொடவே இல்லை. 2025 மார்ச்சில் அதை நிறுத்தியதும் நிம்மதியாக இருந்தது. அதே வருடம் மொன்டானா, கனெக்டிகட், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா என்று வரிசையாக, விளையாட்டுக்கு ஒன்று, பரிசாக மாற்ற ஒன்று என்று இரட்டை நாணயம் வைத்து நடக்கிற 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' கேசினோக்களுக்குத் தடைச் சட்டம் வந்தது.

மானா விற்கிற பட்டனையும் எடுத்துவிட்டால் ஐந்து நட்சத்திரமும் கொடுப்பேன். வாஷிங்டனில் இருக்கிறவர்கள் சேருங்கள், கேள்வி போடுங்கள், மானா தீர்ந்தால் அடுத்த நாள் வாருங்கள். கார்டு நம்பரை மட்டும் கொடுக்காதீர்கள்.

பையனுக்குப் பதினெட்டு ஆகட்டும், பிறகு கணக்குத் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அவன் கணிப்புகளைச் சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறான். இந்த வாரச் சீட்டு: சனிக்கிழமை காலையில் ரெய்னியர் மலை தெரியுமா, 35 சதவீதம்.