ஓஎல்இடியா, ஐபிஎஸ்ஸா? பெங்களூரு வெளிச்சத்தில் லேப்டாப் திரைகள்

பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் லேப்டாப் கேட்டால் முதலில் ப்ராசசர் பெயர் வரும், அடுத்து ரேம், அப்புறம் எஸ்எஸ்டி. திரையைப் பற்றிக் கேட்டால் 'ஃபுல் எச்டி' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும்தான். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதத் திரைகள் வருவதுண்டு. எஸ்எஸ்டியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், சில மாடல்களில் ரேமையும் கூட்டலாம். வாங்கிய திரையோடுதான் ஐந்தாறு வருஷம் ஓட்ட வேண்டும்.

மலிவான திரையை முதலில் தள்ளிவிடலாம். நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு, என்டிஎஸ்சி என்பது வண்ண வரம்பின் அளவு. விவரப் பட்டியலில் '250 நிட்ஸ், 45% என்டிஎஸ்சி' என்று இருந்தால் அது ஐபிஎஸ் என்ற நல்ல வகை எல்சிடி திரையாகவே இருந்தாலும் வேண்டாம். இணையப் படங்களுக்குப் பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது காட்டும். அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை வெளிறிப்போய்த் தெரியும். கோடிங் மட்டும்தானே என்பவர்களுக்கும் பகலில் 250 நிட்ஸ் போதாது. நல்ல திரையுள்ள வகைக்குச் சில ஆயிரம் ரூபாய் கூடலாம். அதற்காக ப்ராசசரில் ஒரு படி இறங்கினாலும் தப்பில்லை என்பேன்.

உண்மையான போட்டி 100% எஸ்ஆர்ஜிபி தரும் மேட் (பளபளப்பில்லாத) ஐபிஎஸ்ஸுக்கும் ஓஎல்இடிக்கும்தான். ஷோரூமில் ஓஎல்இடிதான் ஜெயிக்கும். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கருப்பு வர வேண்டிய இடத்தில் அணைந்தேவிடுகிறது. ஐபிஎஸ்ஸில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் இருட்டறையில் கருப்பு சாம்பலாகத் தெரியும். இரவில் அறை விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கும் ஓஎல்இடிக்கு ஈடு இல்லை.

ஆனால் இங்கே நம் ஆட்களில் பலர் லேப்டாப்பைத் திறப்பது எங்கே? வொயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ்களில், பிஜி அறையில் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே, ஜன்னலோர மேசையில். லேப்டாப் ஓஎல்இடிகளில் பெரும்பாலானவை பளபளப்பானவை. டார்க் மோடில் (கருப்புப் பின்னணியில்) கோடிங் செய்தால் எழுத்துக்குப் பின்னால் உங்கள் முகமும் ட்யூப்லைட்டும் தெரியும். 300, 400 நிட்ஸ் மேட் ஐபிஎஸ் அந்த வெளிச்சத்தைச் சிதறடித்துவிடுவதால் பகல் முழுக்கப் படிக்க முடிகிறது. மேக்புக் ஏரும் பளபளப்புதான், ஆனால் அதன் ஐபிஎஸ் திரை 500 நிட்ஸ் தருவதால் ஓரளவு சமாளிக்கும்.

கண்ணைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல ஓஎல்இடி திரைகள் வேகமாக அணைந்து அணைந்து எரிகின்றன, நொடிக்கு 240 முறை என்ற அளவில்கூட. பலருக்கு இது தெரியவே தெரியாது. சிலருக்குத் தலைவலி வரும். மைக்ரேன் உள்ளவர்கள் இதைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது. கடையிலேயே திரை வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்து, மொபைல் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தால் மினுக்கல் இருக்கிறது. அப்புறம், டாஸ்க்பார் மாதிரி அசையாத பகுதிகள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடியில் தடம் பதியக்கூடும். ஒரே ஐடிஇயை (கோடிங் செய்யும் மென்பொருளை) பகலெல்லாம் திறந்துவைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எழுத்துத் தெளிவில் இரண்டும் நன்றாகவே இருக்கும். 14 அங்குலத்தில் 1920x1200 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 160 புள்ளிகள், 2880x1800 என்றால் 240க்கு மேல். தமிழ் நிறைய படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படும். ணை, ஞ, ழு போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவிலும் ஒட்டிக்கொள்ளாமல் நிற்கும்.

கடையில் ஓடும் டெமோ வீடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தையும் உங்கள் போனில் எடுத்த ஒரு முகப் படத்தையும் திறந்து, லேப்டாப்பை வாசல் பக்கம் திருப்பிப் பாருங்கள். பகலில் வேலை, இரவில் கொஞ்சம் படம் என்றால் என் ஓட்டு 16:10 அகல-உயர விகிதத்தில், 400 நிட்ஸ், 100% எஸ்ஆர்ஜிபி மேட் ஐபிஎஸ்ஸுக்கு. வேலையே படமும் வண்ணமும் என்றால், மினுக்கல் உங்கள் கண்ணுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால், ஓஎல்இடியைத் தயங்காமல் எடுங்கள். பில் போடும் முன் பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, நீங்கள் பார்த்த அதே திரைதானா என்று சரிபார்த்துவிடுங்கள்.