வீட்டுச் சுவரா, பல்லவன் ஏறிப் போகும் ஜிம்மா?

நான் போகிற க்ளைம்பிங் ஜிம், அதாவது செயற்கைச் சுவரில் கைப்பிடிகளைப் பற்றி ஏறிப் பழகும் இடம், சென்னையில் இருக்கிறது. காரைக்குடியில் விடியுமுன் பல்லவன் ரயிலைப் பிடித்தால் மதியம் எழும்பூர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போய் இரண்டு மணி நேரம் தொங்கிவிட்டுத் திரும்புவது மாதம் ஒருமுறைக்கு மேல் நடக்காது. அதனால்தான் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் சொந்தமாக ஏறுவதற்கு ஒரு சுவர் கட்டினேன். இப்போது இரண்டும் இருக்கின்றன, ஒப்பிடலாம்.

எங்கள் வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புப் பூச்சு. அதில் துளை போட மனசு வரவில்லை, அது எடை தாங்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. எனவே தானே நிற்கும் மரச் சட்டம். 18 மி.மீ. மெரைன் ப்ளைவுட் இரண்டு, எட்டுக்கு நாலு அளவில். 30 டிகிரி முன்சாய்வு வைத்ததால் எட்டடிப் பலகை ஏழடி உயரத்துக்குத்தான் வரும். முன்பக்கம் நாலடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக 144 துளை, ஒவ்வொன்றின் பின்னாலும் கைப்பிடியின் போல்ட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு டி-நட். “தம்பி, பலகையில இத்தனை ஓட்டை போட்டா அது பலகையா, சல்லடையா?” என்றார் ஆசாரி.

அவர் சொல்லாத ஒன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். போல்ட்டைக் கோணலாக முறுக்கினால் டி-நட் பிடி விட்டுக் கூடவே சுற்றும். அப்புறம் பின்பக்கம் போய் ஸ்பேனரால் பிடித்தாக வேண்டும். நல்ல வேளை, சட்டத்துக்குப் பின்னால் ஆள் நுழைய இடம் விட்டிருந்தேன்.

கைப்பிடிகளுக்கு, பழைய வீடு இடித்த இடத்தில் கிடைத்த தேக்குத் துண்டுகளை இழைத்தேன். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. சித்திரை வெயிலில் வியர்த்த விரல் வழுக்கிக்கொண்டு வந்தது. இப்போது வேம்பு. செட்டிநாட்டில் தேக்கு வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விழுவதைப் பற்றி மட்டும் விளையாட்டு வேண்டாம். ஜிம்மில் தரை முழுக்க ஓரடி கனத்துக்கு மெத்தை. நான் ஆரம்பத்தில் பஞ்சு மெத்தையை ஆத்தங்குடிக் கல் மேல் போட்டேன். வழவழவென்ற கல்லில் மெத்தை சறுக்கியது, குதிகால் தரையில். ஒரு வாரம் நொண்டினேன். “தரையில நடக்கத் தெரியாதவனுக்குச் சுவர் எதுக்குடா?” என்றார் அப்பத்தா. இப்போது கீழே மிருதுவான ஃபோம், மேலே கெட்டியான மெல்லிய ஃபோம், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. காசை எங்காவது மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கைப்பிடியில் பிடியுங்கள், மெத்தையில் வேண்டாம்.

கயிறு கட்டி ஏறுவதெல்லாம் வீட்டில் கிடையாது. அதற்கு ஜிம்தான்.

விரல் வலுவுக்கு வீட்டுச் சுவர் போதும் என்பேன். வாரம் நாலு நாள், அதிகாலை ஐந்து மணி, அரை மணி நேரம் ஏறினால் மாதம் ஒருமுறை ஜிம் தராத பிடி வந்துவிடுகிறது. 2005-இல் வந்த மூன்போர்டு என்ற பயிற்சிச் சுவர், 40 டிகிரி சாய்ந்த ஒரே பலகையை வைத்தே உலகமெங்கும் ஆட்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

ஆனால் சுவர் கட்டி ஆறு மாதம் கழித்து ஜிம்முக்குப் போனபோது, பின்பக்கம் சாய்ந்த ஸ்லாப் சுவரில் புதிதாக வந்த ஒரு சின்னப் பையன் ஏறிப் போனான். நான் நாலு தடவை வழுக்கினேன். அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது, பாதத்தை நம்பி நிற்க வேண்டும். என் பலகையில் ஒரே சாய்வு. பாதைகளை அமைப்பவனும் நான், ஏறுபவனும் நான். எனக்கு வராததை நான் ஏன் வைக்கப்போகிறேன்? ஜிம்மில் பாதை அமைக்கும் ரூட் செட்டர் என் பலவீனத்தைப் பார்த்து இரக்கப்படுவதில்லை.

இதற்கு ஒரு வழி கிடைத்தது. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் சாக்பீஸைக் கொடுத்து, எந்தெந்தப் பிடி என்று குறிக்கச் சொன்னேன். என்னைவிட ஒரு முழம் குட்டை, அதனால் நான் யோசிக்காத இடத்தில் கால் வைக்கிறாள். போன வாரம் அவள் குறித்தது ஐந்தே பிடி. மூன்றாவதில் நான் இன்னும் நிற்கிறேன். “அண்ணே, இடுப்பைத் திருப்புங்க” என்கிறாள்.