படத்துக்கு மார்க் போடுற நோட்டு: ஏழு வருஷ அனுபவம்

காவேரிப்பட்டணத்துல சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். மேசை டிராயர்ல பில் புக்குக்கு கீழ எப்பவும் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். பாத்த படம் ஒவ்வொண்ணுக்கும் தேதி, பாத்த இடம், மூணு வரி, ஒரு மார்க். 2018 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இப்ப நாலாவது நோட்டு ஓடுது, நேத்து வரைக்கும் 643 படம். இப்படி எழுத ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல விட்டவங்கள நிறைய பாத்திருக்கேன், அதான் விடாம ஏழு வருஷம் எழுதினவன்ங்கிற முறைல எது உதவுச்சு எது உதவலன்னு சொல்லிடலாம்னு தோணுச்சு.

ஆரம்பிச்சதுக்கு காரணம் அந்த மாசம் வந்த படங்கதான். செப்டம்பர் 28 பரியேறும் பெருமாள், அக்டோபர் 4 தொண்ணூத்தாறு, அடுத்த நாளே ராட்சசன், 17ஆம் தேதி வடசென்னை. இருபது நாளுக்குள்ள நாலு படம், நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதது. நாலையும் கிருஷ்ணகிரி போய் தியேட்டர்லயே பாத்துட்டேன், கடைக்கு வர்றவங்க எப்படிண்ணா இருக்குன்னு கேட்டா எல்லாத்துக்கும் சூப்பரா இருக்கு போய் பாருன்னே சொல்லிட்டிருந்தேன். ஒரு பெரியவர் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரு, ஏம்ப்பா எல்லாமே சூப்பர்ங்கற, எங்கிட்ட ஒரு டிக்கெட்டுக்கு தான் காசு இருக்கு, எதுக்கு போறது அத சொல்லுன்னாரு. எனக்கு வாய்ல வார்த்தையே வரல. அன்னிக்கு ராத்திரி தான் முதல் பக்கம் எழுதினேன், தொண்ணூத்தாறுக்கு 9, ராட்சசனுக்கு 9, பரியேறும் பெருமாளுக்கு 8, வடசென்னைக்கு 7.

முதல் வருஷம் முடிஞ்சு எண்ணி பாத்தா 94 படத்துல 51 படத்துக்கு ஏழு மார்க். ஏழுன்னா என்னன்னா திட்டவும் மனசு வரல, தூக்கி வச்சு பேசவும் மனசு வரல, கை தானா ஏழுன்னு எழுதிடுது. அதுக்கப்புறம் தான் அஞ்சு ஸ்டாருக்கு மாறினேன், அர அர ஸ்டாரா. லெட்டர்பாக்ஸ்ட் ஆப்ல அப்படித்தான் போடுவாங்க, அதுல கொஞ்ச நாள் எழுதியும் பாத்தேன், பாத்த தேதியோட டைரி மாதிரி சேத்து வைக்குது, நல்ல ஆப் தான். கணக்குப்படி பாத்தா பத்துக்கு போட்டாலும் அஞ்சுக்கு அர அரயா போட்டாலும் அதே பத்து படிக்கட்டு தான், ஆனா யோசிக்காம ஏழு போட்ட கை மூணரை போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிக்குது, மூணா நாலான்னு கேக்குது. அந்த ஒரு நிமிஷம் தான் வேணும்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், நெட்ல பாக்குற நம்பர் எல்லாம் ஒரே கணக்கு இல்ல. ராட்டன் டொமேட்டோஸ்ங்கிற விமர்சன சைட்டுல 90 பர்சென்ட்னு இருந்தா படத்துக்கு நூத்துக்கு தொண்ணூறு மார்க்னு அர்த்தம் கிடையாது, எழுதின விமர்சகர்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் பரவால்ல பாக்கலாம்னு சொல்லிருக்காங்கன்னு தான் அர்த்தம். எல்லாரும் சுமார்னு சொன்ன படத்துக்கும் 90 வரும். ஐஎம்டிபி சைட்டுல வர்ற மார்க்கும் ஜனங்க போட்டத எல்லாம் கூட்டி வகுத்தது இல்ல, எல்லா ஓட்டுக்கும் ஒரே வெயிட் குடுக்க மாட்டாங்க. இது தெரியாம ரெண்டு நம்பரையும் பக்கத்து பக்கத்துல வச்சு சண்ட போட்டுட்டிருந்தோம், ரொம்ப நாள்.

இந்த நோட்டுல நான் பண்ண ஒரே நல்ல காரியம் எதுன்னு கேட்டா, ரெண்டாவது மார்க். படம் பாத்த மறுநாள் ஒரு மார்க், சரியா மூணு மாசம் கழிச்சு பழசு மேல கைய வச்சு மறைச்சுகிட்டு இன்னொரு மார்க். இது எப்படி வந்துச்சுன்னா 2019 ஜனவரில பொங்கல் லீவுல சும்மா முதல் பக்கத்த பொரட்டிட்டிருந்தேன், ராட்சசன் 9னு இருக்கு. நல்ல படம் தான், பாக்கறப்ப சீட்டு நுனில தான் உக்காந்திருந்தேன், ஆனா அந்த பயம் அன்னிக்கு ராத்திரியோட போயிருச்சு. பரியேறும் பெருமாளுக்கு 8 தான் போட்டிருக்கேன், ஆனா அந்த மூணு மாசத்துல பஸ் ஸ்டாண்டு டீக்கடைல பெஞ்சு மேல ரெண்டு கிளாஸ பக்கத்து பக்கத்துல வச்சத எப்ப பாத்தாலும் படத்தோட கடைசி காட்சி, அந்த ரெண்டு டீ கிளாஸும் நடுவுல இருக்கிற பூவும் தான் ஞாபகம் வரும். ஒரு தடவ டீய வாங்கி கைல வச்சுகிட்டே நின்னுட்டேன், ஆறிப்போச்சு. அப்ப எதுக்கு 9, எதுக்கு 8? சிவப்பு பேனா எடுத்து பக்கத்துலயே எழுதினேன், ராட்சசன் 7, பரியேறும் பெருமாள் 10. தொண்ணூத்தாறு 9 அப்படியே நின்னுச்சு. வடசென்னை 7ல இருந்து 9க்கு ஏறிச்சு, அதுல ஆளுங்க ஜாஸ்தி, முதல் தடவ பாத்தப்ப யாருக்கு யார் என்ன முறைன்னே பிடிபடல, அவ்ளோதான்.

அதுல இருந்து யாராவது படம் எப்படின்னு கேட்டா சிவப்பு மார்க்க தான் சொல்றேன். மறுநாள் நீல பேனால போடற முதல் மார்க் என்னோட அன்னிக்கு மூடு, தலவலி, பக்கத்து சீட்டு ஆளு எல்லாம் சேந்தது.

நோட்டுல பாத்த இடம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அத முதல்ல சும்மா தான் போட்டேன். மெய்யழகன் பாத்த அப்புறம் தான் அதோட அருமை தெரிஞ்சுது. 2024 செப்டம்பர் கடைசில ஒரு தியேட்டர்ல பாத்தேன், பேர் வேணாம், ஸ்க்ரீனுக்கு பின்னாடி நடு ஸ்பீக்கர் சுத்தமா வேல செய்யல. 5.1 சவுண்டுல வசனம் பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கர்ல தான் வரும், பாட்டு பேக்ரவுண்டு எல்லாம் சைடுல வரும். அதனால மியூசிக் காத கிழிக்குது, பேசறது மட்டும் பக்கத்து வீட்டு டிவி மாதிரி கேக்குது. மெய்யழகன் முழுக்க முழுக்க ரெண்டு பேர் ஒரு ராத்திரி உக்காந்து பேசற படம்! ஆபரேட்டர் ரூம் வரைக்கும் போய் சொன்னேன், சரி பண்றோம்னாங்க, பண்ணல. வெறுத்துப்போய் ரெண்டரை ஸ்டார் போட்டேன், படம் பத்தி பேசற எங்க போன் குரூப்லயும் அப்படியே எழுதிட்டேன், அத நம்பி நாலு பேர் போகல. வீட்ல ஹெட்செட் போட்டு பாத்தப்ப எதிர்ல இருக்கிறவர் பேர் ஞாபகம் இல்லாம அரவிந்த்சாமி தவிக்கிற தவிப்பு, கார்த்தி அது தெரியாம பாசத்த கொட்டறது, ஒவ்வொரு வார்த்தையா கேட்டேன், அழுதுட்டேன். நாலரை. ரிலீஸ் ஆன கொஞ்ச நாள்லயே கிட்டத்தட்ட 18 நிமிஷம் வெட்டினாங்க, நீளம் ஜாஸ்தின்னு. எனக்கு அந்த வெட்டு இன்னிக்கும் ஆறல, அந்த படத்துக்கு நீளம் தான் உயிரு. இப்ப தியேட்டர் கோளாறு இருந்தா மார்க் போடறதே இல்ல, "சவுண்டு சரியில்ல, மறுபடி பாக்கணும்"னு எழுதி விட்டுடறேன். ஸ்பீக்கர் பண்ண தப்புக்கு டைரக்டர் மார்க்க குறைக்கறது பாவம்.

குரூப்ல 11 பேர் இருக்கோம். கதை சொல்லக்கூடாது, மூணு வரி, மார்க், எங்க பாத்தீங்க, அவ்ளோதான் சட்டம். மகாராஜா வந்தப்ப இது ரொம்ப உதவுச்சு, லட்சுமிய காணோம்னு விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷன் போறாரு, அதுக்கு மேல ஒரு வார்த்த சொன்னாலும் படம் பாக்க போறவங்களுக்கு துரோகம். பதினோரு பேரும் அந்த ஒரு வரியோட நிறுத்திகிட்டோம், பெருமையா இருந்துச்சு.

ஏழு வருஷத்துல கத்துகிட்டது, மார்க்க விட மார்க் போடற ஆள தெரிஞ்சுக்கணும். எங்க டெய்லர் அண்ணன் ஃபைட்டு இல்லாத படத்துக்கு ரெண்டுக்கு மேல போட மாட்டாரு, ஆனா ஒரு நாளும் மாத்தி போட மாட்டாரு. அதனால அவரு ரெண்டுன்னு போட்டு "தூக்கம் வந்துச்சு தம்பி, ஆனா பொம்பளைங்க அழுதாங்க"ன்னு எழுதினா அது எனக்கான படம்னு புரிஞ்சிக்குவேன். அந்த மனுஷன் லப்பர் பந்துக்கு அஞ்சு போட்டாரு. ஃபைட்டே இல்லயேண்ணான்னு கேட்டா, மாமனாரும் மருமகனும் மொறச்சுக்கறத விட என்ன பெரிய ஃபைட்டு வேணும்ங்கறாரு. அதுல மாமனாரா வர்ற கெத்து கேரக்டரு கேப்டன் விஜயகாந்த் ரசிகர், நம்ம அண்ணனும் கேப்டன் ரசிகர், கடைல இன்னும் கேப்டன் போட்டோ இருக்கு.

மாங்கூழ் ஃபேக்டரில வேல பாக்குற தம்பி ஒருத்தன் இருக்கான், சீசன் முடியற வரைக்கும் ஒரு படமும் பாக்க மாட்டான், முடிஞ்ச அப்புறம் மொத்தமா ஓடிடில பாத்துட்டு ஒரே வாரத்துல எட்டு விமர்சனம் அனுப்புவான். தமிழ் படம் பெரும்பாலும் நாலு வாரத்துல ஓடிடி வந்துடறதால அவனுக்கு கஷ்டமில்ல. ஆனா வரிசையா எட்டு பாத்தவன் மார்க்க நான் பாதி தான் நம்புவேன், கடைசி மூணு படத்துக்கு எப்பவும் கம்மியா இருக்கும். அவன்கிட்டயே சொல்லிருக்கேன்.

ஓசூர் சிப்காட்ல வேல பாக்குற தங்கச்சி தான் எங்களுக்கு பெரிய லாபம். அவங்க வீட்ல கன்னடம், ஓசூர்ல கன்னட படம் தெலுங்கு படம் எல்லாம் ரிலீஸ் அன்னிக்கே ஓடும். 2022ல காந்தாரா பத்தி இங்க யாரும் பேசறதுக்கு முன்னாடியே "அண்ணா கடைசி இருபது நிமிஷம் மூச்சு விடல"ன்னு எழுதினாங்க, டப்பிங் வர்ற வரைக்கும் காத்திருக்காம மூணு பேர் பஸ் ஏறி ஓசூர் போனோம். 2025 ஜூலைல சு ஃப்ரம் சோன்னு ஒரு கன்னட படம் அதே மாதிரி. கடலோர கிராமத்துல ஒரு பையனுக்கு பேய் பிடிச்சிருச்சுன்னு ஊரே நம்புது, பாதி பேச்சு புரியலனாலும் சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது, நாலு ஸ்டார். சிவப்புலயும் நாலு தான்.

பசங்களோட பாக்கலாமான்னு ஒரு கட்டம் எங்க வீட்டுக்காரம்மா சொல்லி சேத்தது. முன்னாடி யூ/ஏன்னு மட்டும் போட்டிருக்கும், ஒண்ணும் தெரியாது, 2024 கடைசில இருந்து யூஏ 7+, 13+, 16+ன்னு பிரிச்சு போடறாங்க, அத பாத்து எழுதிடறேன். ஆனா சர்ட்டிபிகேட் எல்லாம் சொல்லாது. வாழத்தார் சுமக்கற பையனோட கதை, வாழை படத்துக்கு பசங்கள கூட்டிட்டு போனேன், கெட்டது ஒண்ணும் கிடையாது, ஆனா என் சின்னவன் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் வாழப்பழம் தொடல. தப்புன்னு சொல்லல, அவன் பாத்தது நல்லது தான், போற முன்னாடி நான் பேசிருக்கணும். நோட்டுல அத எழுதி வச்சிருக்கேன்.

சமீபத்துல எழுதினதுல இருந்து கொஞ்சம்:

டூரிஸ்ட் ஃபேமிலி, தியேட்டர், குடும்பத்தோட. இலங்கைல இருந்து வந்த குடும்பம் ஒரு தெருவையே மாத்திடுது. நிஜத்துல இவ்ளோ நல்லவங்க இருப்பாங்களான்னு மூளை கேக்குது, இருந்தா நல்லாருக்குமேன்னு மனசு கேக்குது. நீலம் நாலு, சிவப்பும் நாலு.

குடும்பஸ்தன், ஓடிடி. மணிகண்டன் கடன் மேல கடன் வாங்கறப்ப கடைல நான் வாங்கின கைமாத்து எல்லாம் ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது பாதி இழுக்குது. மூணரை, இப்ப மூணு.

3 பிஹெச்கே, ஓடிடி. வீடு கட்டின எவனுக்கும் இது படம் இல்ல, பாஸ்புக்கு. நாலு.

கொட்டுக்காளி, தியேட்டர், மொத்தமே இருபது பேர் இருப்போம். பேக்ரவுண்டு மியூசிக்கே கிடையாது, ரோட்டு சத்தம் ஆட்டோ சத்தம் சேவல் சத்தம் தான். முதல் பத்து நிமிஷத்துல பின்னாடி ஒருத்தர் சவுண்டு வைங்கப்பான்னு கத்தினாரு, இடைவேளைக்கு அப்புறம் அவரும் கத்தல, உக்காந்து பாத்தாரு. அன்னிக்கு மூணு போட்டேன், முடிவு புரியல. மூணு மாசம் கழிச்சு நாலரை, ஏன்னா அந்த முடிவ நான் எத்தன பேர்கிட்ட பேசிருப்பேன்னு கணக்கே இல்ல.

குறைன்னு பாத்தா ஒண்ணு பெருசா இருக்கு. ஒரு கட்டத்துல படம் ஓடறப்பவே மண்டைக்குள்ள மூணு வரி எழுத ஆரம்பிச்சுட்டேன். ஒரு பொண்ணு அழற காட்சி வருது, நான் இதுக்கு என்ன வார்த்த போடலாம்னு யோசிச்சுட்டிருக்கேன். வீட்டுக்காரம்மா இருட்டுலயே என் முகத்த பாத்துட்டு நீங்க படம் பாக்கல, பரிச்ச பேப்பர் திருத்தறீங்கன்னாங்க. ரொம்ப உறைச்சுது. அன்னில இருந்து படம் பாத்த ராத்திரி நோட்ட தொடறதில்ல, போன்ல மார்க்கும் அனுப்பறதில்ல, மறுநாள் காலைல கடை தொறந்து மெஷின் சூடாகற வரைக்கும் இருக்கிற நேரத்துல தான் எழுதறேன். அந்த நேரத்துல மனசுல நிக்கறது மட்டும் மூணு வரில வரும், நிக்காதது வராது. வந்த வரைக்கும் போதும்.

2025 தீபாவளிக்கு பைசன் பாத்தேன். கபடி வீரர் மணத்தி கணேசன் வாழ்க்கைய வச்சு மாரி செல்வராஜ் எடுத்தது, துருவ் அந்த பையனா ஓடறதும் மோதறதும் பாத்தா நடிப்புன்னு தோணல. நீலத்துல நாலு போட்டிருக்கேன், டெய்லர் அண்ணன் நாலரை, ஓசூர் தங்கச்சி மூணு போட்டு "நீளம்ணா"ன்னு எழுதிருக்காங்க. சிவப்பு கட்டம் காலியா இருக்கு, ஜனவரி 20ஆம் தேதி தான் போடணும்.