சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது: போன் இணையத்தோடு நீண்ட நாள் அனுபவம்

புதுப் போனைப் பற்றி வாங்கிய வாரத்திலேயே விமர்சனம் எழுதிவிடலாம். போனில் இணையம் என்ற இந்த மொத்த ஏற்பாட்டைப் பற்றி அப்படி எழுத முடியாது. அதன் நல்லது கெட்டது தெரிய வருஷக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. பழைய சின்னப் போன்களுக்கு இணையத்தைக் கொண்டுவந்த முதல் ஏற்பாடுகளில் ஒன்றான வாப் காலத்தில் இருந்து நான் பழகி வருகிறேன். எந்தச் சேவையாக இருந்தாலும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும்போது, அல்லது நடுவழியில் அறுந்துபோகும்போது, அது என்ன செய்கிறது? நான்கு கோடு இருந்தால் எல்லாச் சேவையும் நன்றாகத்தான் ஓடும்.

முதலில் வாப். எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா, அன்வயர்டு பிளானட் ஆகிய நான்கும் சேர்ந்து 1997-இல் வாப் ஃபோரத்தைத் தொடங்கின. 1999-இல் நோக்கியா 7110 வாப் வசதியோடு வந்தது. 96-க்கு 65 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை, வண்ணம் கிடையாது. இணைப்பின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். யாரையோ கூப்பிடுவது போல ஒரு எண்ணுக்கு டயல் ஆகி, இணைப்பு கிடைத்து, அப்புறம்தான் பக்கம் வரும். நிமிடக் கணக்கில் காசு ஓடும், படித்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கும் சேர்த்து. விளம்பரத்தில் சொன்ன இணையத்துக்கும் கையில் கிடைத்ததற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பலர் ஒருமுறை திறந்துபார்த்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்ததில் வியப்பில்லை.

ஆனாலும் அதில் ஒரு அருமையான யோசனை இருந்தது. வாப் பக்கங்களை எழுதிய டபிள்யூஎம்எல் மொழியில் ஒரு கோப்பைச் சீட்டுக்கட்டு என்பார்கள். அதற்குள் பல சீட்டுகள் இருக்கும். கட்டு முழுவதும் ஒரே தடவையில் போனுக்கு வந்துவிடும். ஒரு சீட்டில் இருந்து அடுத்ததற்குப் போக நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். 7110-இல் ஒரு கட்டு சுமார் 1.4 கேபிக்குள் அடங்க வேண்டும். அந்த இடத்துக்குள் தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிச் செய்தி, திரும்பிப்போக வழி என்று எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். பக்கம் வந்து சேர்ந்த பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். சிக்கனம் பழகிய வாசகர்கள் அப்படித்தான் படித்தோம்.

அதே 1999-இல், பிப்ரவரி மாதம், ஜப்பானில் என்டிடி டோகோமோ ஐ-மோட் சேவையைத் தொடங்கியது. அது பெரிதாக வளர்ந்ததற்குக் காரணங்கள் எளிமையானவை. நிமிடத்துக்குப் பதில் வந்துசேர்ந்த தரவின் அளவுக்குக் கட்டணம். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழி தெரிந்த எவரும் பக்கம் எழுதலாம், ஏனென்றால் அதன் சுருக்கிய வடிவம்தான் அங்கே ஓடியது. தளத்துக்கான சந்தா போன் பில்லிலேயே சேர்ந்துவிடும். டோகோமோ 9 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தளம் நடத்துபவருக்குக் கொடுத்தது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் ஒருசேரக் கட்டுப்படியாகும் வழியை அவர்கள் முதலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

டயல் செய்யாமலே தரவு அனுப்பும் ஜிபிஆர்எஸ் என்ற நெட்வொர்க் நுட்பம் வந்தபோது, தரவின் அளவுக்குக் கட்டணம் என்ற வசதி மற்ற இடங்களிலும் கிடைத்தது. டயல் செய்யும் வேலை போனது. பதிலுக்கு, நெட்வொர்க்கில் இருந்து இணையத்துக்குப் போகும் வாசலைப் போனில் நாமே குறிக்க வேண்டிய அக்சஸ் பாயின்ட் என்ற தலைவலி வந்தது. வாப்புக்கு ஒரு பெயர், முழு இணையத்துக்கு வேறொரு பெயர், ப்ராக்ஸி எண், போர்ட் எண். ஒரு புள்ளி பிசகினாலும் ஒன்றும் திறக்காது. இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஏதாவது கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தால் தரவு அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் அன்றைய பெரும்பாலான போன்கள் ஒரு நேரத்தில் பேச்சு அல்லது தரவு என்று ஏதோ ஒன்றைத்தான் கையாளும். பேசி முடித்தபின் சில நேரம் விட்ட இடத்தில் இருந்து தொடரும், சில நேரம் முதலில் இருந்து ஆரம்பிக்கும்.

இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஓபரா மினி என்ற உலாவி. 2005-இல் நார்வேயில் சோதித்துப் பார்த்துவிட்டு 2006 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் கொடுத்தார்கள். ஜாவா ஓடும் சாதாரணப் போனிலும் இயங்கும். பக்கத்தைப் போன் நேராகப் போய் எடுக்காது. ஓபராவின் சர்வர் எடுத்து, படங்களைச் சுருக்கி, போனுக்கு ஏற்றபடி அடுக்கி, சிறிய பொட்டலமாக அனுப்பும். தரவு 90 சதவீதம் வரை குறையும் என்றார்கள். கணினியில் மட்டுமே பார்க்க முடிந்த தளங்கள் இரண்டு அங்குலத் திரையில் திறந்தன. 2, 4, 6, 8 பட்டன்களை அழுத்தி மேலும் கீழும் நகரலாம். 5 அழுத்தினால் எழுத்து பெரிதாகும். கொஞ்ச நாளில் விரல் தானாகவே போகும்.

தமிழ் படிக்கிறவர்களுக்கு அது செய்த உதவியைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைய போன்களில் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. யூனிகோடு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிவரியாகக் கட்டங்கள்தான் தெரியும். எழுத்துரு இருந்த சிலவற்றிலும் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்பது மூன்று துண்டாகக் கிடக்கும். ஓபரா மினியின் முகவரிப் பட்டையில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு மறைவான அமைப்புப் பக்கம் வரும். அதில் சிக்கலான எழுத்து முறைகளுக்குப் படவடிவ எழுத்தைப் பயன்படுத்தவா என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். 'நோ' என்பதை 'யெஸ்' ஆக்கிச் சேமித்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தால், கட்டங்கள் போய் முழுத் தமிழ் வரும். சர்வரே எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பிவிடுகிறது. போனுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எழுத்து கொஞ்சம் பிசிறடிக்கும், தரவும் சற்றுக் கூடும். ஆனால் பத்திரிகையும் வலைப்பூவும் கையிலேயே படிக்கலாம் என்றான பிறகு அதையெல்லாம் யார் பார்த்தார்கள். இந்த ஒரு வரி அமைப்பை எத்தனை பேருக்கு வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்திருப்போம்.

அதில் ஒரு விலையும் இருந்தது. சர்வர் நடுவில் நின்று பக்கத்தைச் சுருக்குவதால், பூட்டு அடையாளம் போட்ட பாதுகாப்பான பக்கமும் அங்கே ஒருமுறை திறக்கப்பட்டுத்தான் திரும்பப் பூட்டப்படும். ஓபராவே இதை வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. எனவே படிக்க அது, பணம் சம்பந்தப்பட்டது எதற்கும் வேறு வழி என்று பிரித்து வைத்திருந்தேன். நடுவில் நின்று சுருக்கித்தரும் எந்தச் சேவைக்கும் இன்றும் அதே விதியைத்தான் வைத்திருக்கிறேன்.

2007 ஜூனில் ஐபோன் வந்ததும், 2008-இல் ஆப் ஸ்டோரும் ஆண்ட்ராய்டும் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. முதல் ஐபோனில் 3ஜி கூடக் கிடையாது, அதைவிட மெதுவான எட்ஜ்தான். அது செய்தது வேறு: முழுப் பக்கத்தை 980 புள்ளி அகலத்தில் வரைந்து, திரைக்குள் சுருக்கிக் காட்டி, இரண்டு தட்டு தட்டினால் வேண்டிய பத்தியைப் பெரிதாக்கிக் கொடுத்தது. அதனால் ஒரு சிறு தொல்லையும் வந்தது. தட்டியது ஒரு தட்டா, இரண்டின் முதல் தட்டா என்று தெரிந்துகொள்ள உலாவிகள் சுமார் 300 மில்லிநொடி காத்திருந்தன. போனில் இணையப் பக்கம் எப்போதும் ஒரு கணம் மந்தமாக, செயலி மட்டும் சுறுசுறுப்பாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். திரை அகலத்துக்கு ஏற்ப எழுதிய பக்கங்களுக்கு 2014-இல் குரோம் அந்தக் காத்திருப்பை நீக்கியது. அதற்குள் செயலிதான் வேகம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

போனுக்கென்று தனி மொபைல் தளங்கள் வைத்த காலம் படிக்கிறவருக்குச் சோதனையான காலம். நண்பர் ஒரு கட்டுரையின் இணைப்பை அனுப்புவார். போனில் திறந்தால், நீங்கள் போனில் வந்திருக்கிறீர்கள் என்று கண்டுபிடித்து, மொபைல் தளத்தின் முகப்புக்குக் கொண்டுபோய் விடும். கட்டுரை எங்கே என்று தேட வேண்டும். 2010 மே மாதம் இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தன்னை வளைத்துக்கொள்ளும் வடிவமைப்பை முன்வைத்தார். 2015 ஏப்ரலில் கூகுள் மொபைல் தேடலில் போனுக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை கொடுத்த பிறகுதான் பலரும் அவசரமாக மாறினார்கள்.

வேகம் கூடக்கூடப் பக்கமும் பருத்தது. இணையப் பக்கங்களை அளந்து பதிவு செய்யும் எச்டிடிபி ஆர்கைவ் கணக்கின்படி, 2022-இல் போனுக்கு வரும் ஒரு பக்கத்தின் இடைநிலை அளவு சுமார் 2 எம்பி, அதாவது பாதிப் பக்கங்கள் அதைவிடப் பெரியவை. 1.4 கேபி சீட்டுக்கட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். 4ஜி கொடுத்த லாபத்தில் பெரும்பகுதியை ஸ்கிரிப்டும் விளம்பரமும் தின்றுவிட்டன. நகரும் வண்டியில், தடித்த சுவருக்குள், கூட்டம் நெரியும் இடத்தில் இன்றும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் குறைந்த இணைப்பில் நன்றாக இயங்கும் சேவை செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2007 மார்ச்சில் கென்யாவில் சஃபாரிகாம் தொடங்கிய எம்-பெசா இணையமே இல்லாமல், சிம் மெனுவிலும் குறுஞ்செய்தியிலும் பணத்தை ஒரு போனில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பியது. வாட்ஸ்அப்பில் சிக்னல் இல்லாதபோது அனுப்பும் செய்தி கடிகாரக் குறியோடு காத்திருந்து, சிக்னல் வந்ததும் தானே போய்விடுகிறது. மறுபடி எழுத வேண்டியதில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஓடிபி. ஒரு சேவையில் நீளமான படிவத்தை நிரப்புகிறேன். கடைசியில் ஓடிபி கேட்கிறது. எண்ணைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பி வந்தால், பக்கம் முதலில் இருந்து ஏறுகிறது. நிரப்பியது எல்லாம் போயே போச்சு. நினைவகம் குறைந்த போன், பின்னால் போன பக்கத்தைத் தூக்கி எறிந்துவிடுவதால் வருவது இது. தீர்வு இல்லாத பிரச்சினை இல்லை. 2018-இல் இருந்து ஐபோனில், படிவத்தில் ஒரு குறிப்புச் சொல் சேர்த்திருந்தால் விசைப்பலகைக்கு மேலேயே எண் வந்து நிற்கும். 2020-இல் ஆண்ட்ராய்டு குரோமும் இதற்கு வழி செய்தது. நிரப்பியதைப் போனிலேயே அவ்வப்போது சேமித்து வைப்பது இன்னும் எளிது. இவற்றைச் செய்யாத படிவங்களை இன்றும் வாரந்தோறும் சந்திக்கிறேன். பெரிய போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிவதே இல்லை. அதனால்தான் சரிசெய்யப்படாமலும் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை தரும் மாற்றமும் உண்டு. சர்வீஸ் ஒர்க்கர் என்ற நுட்பம் 2015-இல் குரோமுக்கும் 2018-இல் சஃபாரிக்கும் வந்தது. பக்கத்தின் எலும்புக்கூட்டைப் போனிலேயே வைத்துக்கொண்டு, நெட் இல்லாதபோதும் திறந்து காட்டும். முகப்புத் திரையில் சேர்த்த இணையச் செயலிகளுக்கு 2023 மார்ச்சில் ஐபோனிலும் நோட்டிபிகேஷன் கிடைத்தது. இப்போது செய்தி, அகராதி, குறிப்பு எழுதுவது மூன்றுக்கும் இப்படிச் சேர்த்த தளங்களைத்தான் வைத்திருக்கிறேன். இடமும் அடைக்கவில்லை, அப்டேட் கேட்டு நச்சரிப்பதும் இல்லை. வரைபடத்துக்கு மட்டும் செயலி. போகும் பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை நாள் பழகியதில், சேவையே நின்றுபோவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஐ-மோட் 2026 மார்ச் 31-உடன் முடியும் என்று டோகோமோ 2019-இலேயே அறிவித்தது. மாறிக்கொள்ள ஆறு ஆண்டுக்கு மேல் அவகாசம். நான் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு சேவை சில வார அவகாசத்தில் மூடியது. ஏற்றுமதி செய்ய வசதி இருந்தது, ஆனால் தமிழ்க் குறிப்புகள் கேள்விக்குறிகளாக இறங்கின. கையால் ஒவ்வொன்றாக நகலெடுத்து மீட்டேன். இப்போது புதிதாக எதில் கணக்குத் தொடங்கினாலும், முதல் நாளே சில தமிழ் வரிகளை எழுதி, ஏற்றுமதி செய்து, வேறொரு செயலியில் திறந்து பார்த்துவிடுகிறேன். எழுத்து சரியாக வந்தால்தான் மற்றதை ஏற்றுகிறேன்.