கஸ்டட்டா, கிறீமா: எண்பது பேருக்கு ஒரு புரூட் சலட்

வைகாசியில் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் புதுவீட்டுக்குக் குடிபூரல். காலையில் சுபநேரம், மதியம் 80 பேருக்கு மரக்கறிச் சாப்பாடு, கடைசியில் ஆளுக்கொரு கப் புரூட் சலட். சாப்பாட்டைச் சமையல்காரரிடம் கொடுத்தாயிற்று. புரூட் சலட்டை மட்டும் நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பழத்தை எதில் போடுவது என்பதில்தான் பிரச்சினை. என் அம்மா வீட்டில் எப்போதும் கஸ்டட். மச்சாள் வீட்டில் கிறீமும் டின்பாலும். இரண்டு வாரமாகப் போனில் இதே பேச்சு. நான் கஸ்டட் பக்கம் சாய்ந்தேன், இப்போதும் அந்தப் பக்கம்தான். மச்சாளுக்கும் இது தெரியும், அதனால் ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் கிறீமுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். ருசியில் கிறீம்தான் ஒரு படி மேல். அடுப்பே வேண்டாம், பெட்டியை வெட்டி ஊற்றி, டின்பாலைக் கலந்து, பழத்தைப் போட்டால் பத்து நிமிட வேலை. பத்துப் பன்னிரண்டு பேர் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தால் நானும் அதைத்தான் செய்வேன். செலவைப் பார்த்தால் கஸ்டட் மலிவு. பால்மாவைக் கரைத்தே செய்யலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, விடுவோம்.

என் முடிவைத் தீர்மானித்தது ருசியும் இல்லை, செலவும் இல்லை. செய்து வைத்தது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான்.

விசேஷ வீட்டில் எதுவும் சொன்ன நேரத்துக்கு நடக்காது. ஐயர் பிந்துவார். அவர் நேரத்துக்கு வந்தால் கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர் கந்தளாயில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். முதல் பந்தி பன்னிரண்டுக்கு என்றால் கடைசிப் பந்தி மூன்றுக்கு. அதற்குள் கச்சான் காற்று வேறு, வெக்கையை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டும். எங்கள் குசினியில் பதினொரு மணிக்கே 33 பாகை. இந்தச் சூட்டில் எது மூன்று மணித்தியாலம் தன் உருவத்தோடு நிற்கும்?

கிறீம் நிற்காது. அடித்துப் பொங்க வைத்த கிறீமைத் தாங்குவது குளிர்ந்த கொழுப்பும் அதற்குள் மாட்டிய காற்றும். கொழுப்பு இளகினால் காற்றுப் போய்விடும், மிஞ்சுவது வெள்ளைத் தண்ணீர். கடைப் பெட்டியில் வருகிற சாதாரணக் கிறீம் பலதில் கொழுப்புக் குறைவு, அது முதலில் பொங்கவே பொங்காது. பாத்திரத்தை ஐஸில் வைத்து அடித்தாலும் பயனில்லை. சரி, அடிக்காமல் கலந்தால்? அங்கேதான் டின்பால் காலை வாரும். டின்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. அவ்வளவு சீனி பழத்தைத் தொட்டால் பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டதும் எலுமிச்சை தண்ணி விடுகிறதே, அதே வேலைதான். ஒரு மணித்தியாலத்தில் மேலே பழம் மிதக்கும், கீழே இனிப்புத் தண்ணீர் நிற்கும். முதல் பந்திக்குக் கிடைத்தது கடைசிப் பந்திக்குக் கிடைக்காது.

கஸ்டட்டைத் தாங்குவது கொழுப்பு இல்லை, மா. கஸ்டட் பவுடரில் முக்கால்வாசிக்கும் மேல் சோளமாதான், மிச்சம் நிறமும் வனிலா வாசமும். காய்ச்சும்போது அந்த மா பாலின் தண்ணீரைக் குடித்துப் பருத்து இறுகுகிறது. பிறகு சூடு ஏறினாலும் கிறீம் மாதிரி உருகி ஓடாது. சீனியும் குறைவு, லீற்றருக்கு நூறு கிராம் போதும், ஆகவே பழத்திலிருந்து அவ்வளவாகத் தண்ணீரை இழுக்காது. அப்படியும் கொஞ்சம் இழுக்கும். அதற்காகத்தான் பாலை வழக்கத்தைவிட ஒரு பங்கு கெட்டியாகக் காய்ச்ச வேண்டும் என்பது. என் அளவு இது: ஒரு லீற்றர் பாலுக்குக் குவித்த 3 மேசைக்கரண்டி பவுடர். எண்பது பேருக்கு 5 லீற்றர் பால், வெட்டிய பழம் 7 கிலோ, ஆளுக்குக் கிட்டத்தட்ட 150 கிராம் வரும். பவுடரைக் குளிர்ந்த பாலில் கரைத்துத்தான் கொதிக்கிற பாலில் விட வேண்டும், நேரே தூவினால் கட்டி பிடிக்கும். இறுகிய பிறகும் சிறு தீயில் இரண்டு நிமிடம் குமிழி விட்டுக் கொதிக்கட்டும். அவசரப்பட்டு இறக்கினால் மா வாடை நிற்கும்.

இதிலே அம்மாவின் சட்டம் ஒன்று உண்டு: ருசி பார்த்த கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் போடாதே. அம்மாவுக்கு அது எச்சில் விஷயம். உண்மையில் எச்சிலில் மாவைக் கரைக்கிற நொதி இருக்கிறது. அந்தக் கரண்டி பட்டால் இறுகின கஸ்டட் மெல்ல மெல்லத் தண்ணியாகும். காரணம் வேறு, சட்டம் சரி.

முட்டை இருக்கிறதா என்று பெரியமாமி இரண்டு தரம் கேட்டார். மரக்கறிச் சாப்பாடு என்றால் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பவுடரில் முட்டை இல்லை. அந்தப் பவுடரே முட்டை ஒத்துக்கொள்ளாத மனைவிக்காக 1837இல் பேர்மிங்ஹாமில் அல்பிரட் பேர்ட் என்பவர் செய்துபார்த்ததுதான். இதைச் சொன்னதும் மாமிக்குக் கஸ்டட்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மாமியின் மரியாதை எனக்குப் பெரிய விஷயம்.

அன்னாசி பற்றி ஒரு வார்த்தை, இது இரண்டு கட்சிக்கும் பொது. சில வருடத்துக்கு முன்னே ஒரு பிறந்தநாளில் அவிக்காத அன்னாசியைக் கிறீமில் போட்டுப் பிரிட்ஜில் வைத்துவிட்டேன். பின்னேரம் முதல் கரண்டியோடு மச்சாள் என்னைப் பார்த்தார். "இது கைக்குதெல்லோ?" கைத்ததுதான். அன்னாசியில் பாலின் புரதத்தை உடைக்கிற நொதி இருக்கிறது, உடைந்தால் கைப்பு வரும். பப்பாப்பழத்திலும் அப்படி ஒன்று உண்டு. கஸ்டட்டாக இருந்தாலும் பால் பால்தானே, கைக்கும். அன்னாசியைச் சின்னத் துண்டாக வெட்டி, ஒரு கை சீனியோடு ஐந்து நிமிடம் அவித்து, ஆறவிட்டுப் போட்டால் நொதி செத்துவிடும். டின்னில் வருகிற அன்னாசி ஏற்கெனவே அவிந்தது, நேரே போடலாம். பப்பாப்பழத்தை அவித்தால் களியாகிவிடும், ஆகவே அதைப் பரிமாறும் நேரத்தில்தான் சேர்ப்பேன். வாழைப்பழமும் அப்படியே, கதலியைத் தேசிப்புளி விட்டுப் பிரட்டிக் கடைசியில். வைகாசியில் மாம்பழம் தாராளம், அதில்தான் பாதி வேலை முடிந்தது. வத்தகப்பழம் வேண்டவே வேண்டாம், அது பழம் இல்லை, தண்ணீர்.

கஸ்டட்டின் தொல்லை வேறு இடத்தில்: ஆறவைப்பது. ஐந்து லீற்றர் சருவம் தானாக ஆறுவதற்கு அரை நாள் எடுக்கும், அதற்குள் பழுதாகவும் தொடங்கிவிடும். கொதிக்கக் கொதிக்கப் பிரிட்ஜில் வைத்தால் பிரிட்ஜில் இருக்கிற மற்றச் சாமானும் சூடாகும். நான் முதல்நாள் இரவு காய்ச்சினேன். சருவத்தைப் பெரிய தொட்டிக்குள் இறக்கி, சுற்றி ஐஸ் தண்ணீர் விட்டு, ஆடை பிடிக்காமல் அகப்பையால் துழாவிக்கொண்டே இருந்தேன். பிறகு தட்டையான பாத்திரங்களில் ஊற்றிப் பிரிட்ஜில். மச்சாளின் பத்து நிமிட வேலை எனக்கு ஒன்றரை மணித்தியாலம். கை வலித்ததை மறைக்கவில்லை.

மறுநாள் காலை வாடியில் மீனுக்கு உடைக்கிற ஐஸ் ஒரு கட்டி வாங்கி, சாக்குக்குள் போட்டு இடித்து, ரெஜிபோம் பெட்டியின் அடியில் உப்புத் தூவிப் பரப்பினோம். உப்புச் சேர்ந்த ஐஸ் இன்னும் குளிரும். அந்த ஐஸ் மூடிய பாத்திரத்துக்கு வெளியே மட்டும்தான், சாப்பாட்டில் ஒரு துளியும் படக்கூடாது. பழம் ஒரு பெட்டியில், கஸ்டட் ஒரு பெட்டியில். ஒவ்வொரு பந்திக்கும் இருபது இருபது கப்பாக மட்டும் கலந்தோம், மேலே மாதுளை முத்தும் வறுத்த கஜுவும். மொத்தமாகக் கலந்து வைக்காததால்தான் மூன்று மணிக் கப்பும் பன்னிரண்டு மணிக் கப்பும் ஒன்றுபோல இருந்தன. கஸ்டட் நிற்கும் என்று நான் சொல்வது உருவத்தைத்தான். பெட்டிக்கு வெளியே இந்த வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குமேல் வைத்தால் அதுவும் பழுதாகும், அதில் கிறீமுக்கும் கஸ்டட்டுக்கும் வித்தியாசம் இல்லை.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் நினைவிருக்கும். அதற்குப் பிறகு பிரிட்ஜை மட்டும் நம்பி எண்பது பேரைக் கூப்பிடுகிற தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் அப்போது பால்மாவும் காஸும்கூட இல்லை, கஸ்டட்டும் காய்ச்சியிருக்க முடியாது. நியாயமாகச் சொல்ல வேண்டும் அல்லவா.

ஐஸ்கிரீமோடு கொடுக்கலாமே என்று மூன்று பேர் கேட்டார்கள். ரிசெப்சன் ஹோலில் பெரிய பிரீசர் இருந்தால் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் இல்லை.

எருமைத்தயிர் மட்டும் மனதில் கிடக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சட்டித்தயிர் கரண்டி நட்டால் நிற்கும். அதைத் துணியில் கட்டி ஓர் இரவு தொங்கவிட்டு, கித்துள் பாணி விட்டு, மாம்பழமும் மாதுளையும் போட்டு ஒரே ஒரு தரம் செய்தேன், பதினைந்து பேருக்கு. புளிப்பு இருப்பதால் பாலைவிடச் சூட்டைத் தாங்கும் என்று தோன்றியது, அன்று ஒரு கப்பும் மிஞ்சவில்லை. ஆனால் எண்பது பேருக்கு எத்தனை சட்டி வடிக்க வேண்டிவரும், அத்தனை சட்டியும் ஒரே புளிப்பில் இருக்குமா, நான் செய்து பார்க்காதவரை சொல்லமாட்டேன். நல்ல தயிருக்கும் பாணிக்கும் நடுவில் பழம் எதற்கு என்று மாமா கேட்டதற்கும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

மிஞ்சின கஸ்டட்டை அடுத்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுத்தேன். வாழைப்பழம் சேர்க்காத பாத்திரம் மறுநாளும் நன்றாக இருந்தது, சேர்த்தது கறுத்துவிட்டது.

வருகிற மாதம் மச்சாளின் மகளுக்குப் பிறந்தநாள். பன்னிரண்டு பேர், இரவு ஏழு மணிக்கு. கிறீம்தான், பேச்சில்லை. அன்னாசியை மட்டும் என்னை அவித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.