62,000க்கு வாங்கிய ரோடு பைக், ஆறு வருடம் கழித்து 30,500க்குப் போனது

‘ரோடு பைக் விற்பனைக்கு’ என்று விளம்பரம் போட்ட அன்று வந்த முதல் போன்: “சார், லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” இரண்டாவது போன்: “இன்சூரன்ஸ் கரன்ட்ல இருக்கா?” நம் ஊரில் பைக் என்றால் மோட்டார் பைக்தான். அன்று சாயங்காலமே தலைப்பை ‘கியர் வைத்த ரேஸ் சைக்கிள், 54 சைஸ் ஃப்ரேம்’ என்று மாற்றினேன். அதன்பிறகு போன்கள் பாதியாகக் குறைந்தன. வந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

2020 ஜனவரியில் வாங்கியது. அலுமினியம் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ சோரா கியர் (முன்னால் 2, பின்னால் 9), டிஸ்க் பிரேக். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். 14,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். பெரும்பாலும் ஞாயிறு அதிகாலை ஈசிஆர், அதாவது சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை. முட்டுக்காடு பாலம் வரை, தெம்பிருந்தால் மாமல்லபுரம் வரை. மூன்று செயின், ஒரு கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரக் கொத்து), இரண்டு செட் டயர் மாற்றினேன். ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முழங்கால்தான் இனி குனிந்து மிதிக்காதே என்றது.

ஈசிஆரில் ஓட்டுகிறவர்களுக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்று தெரியும். செயினை ஒவ்வொரு வாரமும் துடைத்தேன், எண்ணெய் விட்டேன். கண்ணுக்குத் தெரிந்த போல்ட்டுகளைத் துடைத்தேன். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட்டை மட்டும் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வெளியே உருவவில்லை. என் உயரத்துக்கு ஒருமுறை வைத்தது, அப்படியே இருந்தது. அதற்கு எதற்கு கிரீஸ் என்று நினைப்பு.

முதலில் நேரில் வந்தவர் வேளச்சேரிக்காரர், ஐடி வேலை. சைக்கிளைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. என்னைவிட இரண்டு அங்குலம் குள்ளம், சீட்டை இறக்க வேண்டும். ஆலன் கீயால் கிளாம்பைத் தளர்த்தினேன், சீட்டைப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. அவரும் பிடித்தார். ஃப்ரேம்தான் மொத்தமாகத் திரும்பியது. உள்ளே உப்பும் வியர்வையும் இறங்கி, குழாயும் போஸ்ட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. “பரவால்ல சார், யோசிச்சுட்டுச் சொல்றேன்” என்றார். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். துரு நீக்கும் எண்ணெயை இரண்டு ராத்திரி ஊறவிட்டு, மூன்றாம் நாள் உருவினார். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிர்ந்தது. 400 ரூபாய் வாங்கினார். வருடத்துக்கு ஒருமுறை விரல்நுனி கிரீஸ் தடவியிருந்தால் வேளச்சேரிக்காரரிடமே 33,000 வாங்கியிருப்பேன் என்பது என் கணக்கு.

விற்பதற்கு முன் எதில் செலவு செய்யலாம் என்பதில் எனக்கு இப்போது தெளிவு உண்டு. ஹேண்டில்பார் டேப் மாற்றியே ஆக வேண்டும். வாங்க வருகிறவர் கை முதலில் வைக்கும் இடம் அதுதான், பழைய டேப் பிசுபிசுக்கும். செயின் எவ்வளவு நைந்தது என்று காட்டும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 0.75 முனை உள்ளே இறங்கிவிட்டது, அதாவது மாற்றும் நேரம். செயினையும் மாற்றினேன். செயின் நைந்திருந்தால் கேசட்டும் போயிருக்கும் என்று விவரம் தெரிந்தவர் ஒரு பெருந்தொகையைக் கழிப்பார், அதுவும் நியாயம்தான். புது டயர் போடவில்லை. போட்ட காசு திரும்பி வராது. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலைக் கழற்றி, பெட்டியில் கிடந்த சாதா பெடலை மாட்டினேன். கிளிப் பெடல் தனியாக, கூட ஓட்டுகிற நண்பரிடம் 3,000க்குப் போனது. சைக்கிளோடு கொடுத்திருந்தால் அதற்கென்று யாரும் நூறு ரூபாய்கூட ஏற்றித் தரமாட்டார்கள்.

கீறல்களை மறைக்கவில்லை. மேல் குழாயில் ஒன்று, பின் ஃபோர்க்கில் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படமெடுத்துப் போட்டேன். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் நம்பரையும், அதே நம்பர் உள்ள பில்லையும் நேரில் காட்டத் தயாராக வைத்தேன். சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது. திருட்டு வண்டி இல்லை என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. பில்லைத் தூக்கிப் போட்டவர்கள் விலையில் தாராளமாக இறங்க வேண்டியிருக்கும்.

நடுவில் ஒருவர், பேரமே பேசாமல் கேட்ட விலைக்குச் சரி என்றார். ராணுவத்தில் இருக்கிறாராம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வாராம். க்யூஆர் கோடு அனுப்பி, “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்” என்றார். பணம் வாங்க யாருக்கும் பின் நம்பர் தேவையில்லை. பேரம் பேசாதவரை நம்பாதீர்கள்.

நேரமும் ஒரு கணக்கு. நான் முதலில் விளம்பரம் போட்டது அக்டோபரில், மழை தொடங்கும்போது. யார் வாங்குவார்கள்? போதாததற்கு 2025 செப்டம்பர் 22லிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. “புதுசே இறங்கிடுச்சே சார்” என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டு மார்கழியில் மறுபடி போட்டேன். விடியற்காலைக் குளிரில் புதிதாகச் சைக்கிள் ஆசை வருகிறவர்கள் அப்போதுதான் அதிகம்.

கடைசியில் தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். பையனும் என் உயரம். 34,000 சொன்னேன். அப்பா சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்தார். “இந்தக் காசுக்குப் பழைய ஸ்கூட்டரே வாங்கிடலாமே சார்.” நான் பதில் சொல்லவில்லை. “தம்பி, நீ ஒரு ரவுண்டு போயிட்டு வா” என்றேன். பையன் கிளம்பினான். அவரிடம் பில்லைக் கொடுத்தேன், செயின் அளவுகோலை வைத்துக் காட்டினேன், சீட் போஸ்ட்டை ஏற்றி இறக்கிக் காட்டினேன், அது ஒட்டிக்கொண்டிருந்த கதையையும் சொன்னேன். அவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவராம். “அலுமினியமும் உப்பும் சேர்ந்தா அப்படித்தான் சார்” என்று எனக்கே பாடம் எடுத்தார். பேச்சு அங்கிருந்து இளகியது.

பையன் திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அதற்குப்பிறகு அவரால் பெரிதாகப் பேரம் பேச முடியவில்லை. 28,000 என்றார், 32,000 என்றேன், 30,500இல் நின்றது. பணம் என் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி வந்த பிறகு சாவியைக் கொடுக்கலாம் என்று கை பழக்கத்தில் பாக்கெட்டுக்குப் போனது. சைக்கிளுக்கு ஏது சாவி.

“பூட்டு, பம்பு எல்லாம் இதுலயே சேர்த்திதானே சார்?” என்றார் அப்பா. எடுத்துக்கொடுத்தேன். பாதி காலியான கிரீஸ் டப்பாவையும்.