வளையமா, ஹெட்செட்டா, சைக்கிளா?

வீட்டில் உடற்பயிற்சி செய்யவென்று வரும் கேமிங் கருவிகளில், விலையைப் பார்க்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: இதை ஏமாற்ற முடியுமா? 2006-இல் வந்த நின்டெண்டோ வீ கன்சோலில் சோபாவில் உட்கார்ந்தபடி மணிக்கட்டை மட்டும் ஆட்டி டென்னிஸ் ஜெயிக்கலாம். கன்சோலுக்குத் தெரிந்தது கையின் அசைவு மட்டுமே, உழைப்பு அல்ல.

அதே நிறுவனம் தன் ஸ்விட்ச் கன்சோலுக்காக 2019 அக்டோபரில் கொண்டுவந்த உடற்பயிற்சி கேம் 'ரிங் ஃபிட் அட்வென்சர்' இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது. கையில் பிடிக்கும் வளையத்துக்குள் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. எவ்வளவு பலமாக அமுக்குகிறீர்கள், இழுக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். வளையத்தில் ஸ்விட்சின் ஜாய்-கான் என்ற சிறிய கன்ட்ரோலர் ஒன்றைச் செருக வேண்டும், தொடையில் கட்டும் பட்டையில் இன்னொன்று. நின்ற இடத்திலேயே ஓடினால்தான் திரையில் ஆள் நகர்வான். எதிரியை அடிக்க ஸ்குவாட்டோ யோகாசனமோ செய்தாக வேண்டும். ஸ்குவாட்டில் அரைகுறையாக உட்கார்ந்தால் தொடையின் சாய்வு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முதுகை யார் பார்ப்பது? உடலைப் பலகைபோல் நேராகத் தாங்கும் பிளாங்க் செய்யும்போது இடுப்பு தொங்கினாலும் திருத்த ஆளில்லை. வளையத்தின் விறைப்பும் மாறாது. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகியவர்களுக்குச் சீக்கிரமே சப்பென்று ஆகிவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி, சைலன்ட் மோடு. ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி எழுந்தால் போதும், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார்.

அப்புறம் விஆர், அதாவது கண்ணை மூடும் ஹெட்செட்டுக்குள் தெரியும் மெய்நிகர் உலகம். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் சுமார் 515 கிராம். அதை மாட்டிக்கொண்டு, இசைக்கு ஏற்ப பறந்துவரும் கட்டைகளை வாளால் வெட்டும் 'பீட் சேபர்' கேமை ஆடினால் நன்றாக வியர்க்கிறது. ரிங் ஃபிட்டைவிட அலுப்பும் குறைவு. ஆனால் ஏமாற்று வேலைக்கு இதுதான் தோதான இடம். கேமராக்கள் பார்ப்பது கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். தோளிலிருந்து வீசினாலும் மணிக்கட்டைச் சொடுக்கினாலும் கட்டை வெட்டுப்படும். தலையைத்தான் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது, சுவர் வந்தால் குனிந்தே ஆக வேண்டும். கைக்கு எதிர்ப்பு எதுவும் இல்லாததால் தசை வலுவை இதில் எதிர்பார்க்காதீர்கள், இது மூச்சு வாங்கவைக்கும் கருவி. சுற்றிலும் இரண்டுக்கு இரண்டு மீட்டராவது காலியிடம் வேண்டும். தாழ்வான சீலிங் ஃபேன் உள்ள அறை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

2014-இல் தொடங்கிய ஜ்விஃப்ட், அதாவது வீட்டிலிருந்தே திரையில் சைக்கிள் ஓட்டும் செயலி, நேர்மையில் இந்த இரண்டையும் மிஞ்சும். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, பெடலின் கனத்தைத் தானே மாற்றும் ஸ்மார்ட் ட்ரெய்னர் என்ற தாங்கியில் பொருத்தினால், திரையில் மேடு வரும்போது பெடல் நிஜமாகவே கனக்கும். உழைப்பை வாட் கணக்கில் அளக்கிறது. அதிலும் உடல் எடையைக் குறைத்துப் பதிந்து பந்தயம் ஓட்டும் கில்லாடிகள் உண்டு! செலவும் இதற்குத்தான் அதிகம்: சைக்கிள், ட்ரெய்னர், மாதச் சந்தா. கால்களுக்கு மட்டும் இவ்வளவா என்று எனக்குத் தோன்றும். ஏற்கெனவே சைக்கிள் பித்துப் பிடித்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டால் நான் வளையத்தையே சொல்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஸ்விட்ச் 2-உடன் வரும் புதிய ஜாய்-கான்கள் அந்த வளையத்தில் பொருந்தாது. பழைய ஜாய்-கான் ஜோடி கையில் இல்லையென்றால் அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள்.